பிரேக்குக்கு அடியில் ஓர் எலுமிச்சம்பழம்

சத்தியமாகச் சொல்கிறேன் தம்பி, இதில் ஒரு சொல் பொய் கிடையாது. பொய் சொன்னேன் என்றால் இந்த பஸ் இப்படியே... வேண்டாம், மலை ஏறும்போது பஸ்ஸைப் பேச்சில் இழுக்கக் கூடாது. என் நாக்கு அழுகிப் போகட்டும். அதுவும் வேண்டாம், மேலே போனதும் நாக்குக்கு வேலை இருக்கிறது. சரி, முனியப்பன் சாட்சி. அடிவாரத்தில் பார்த்தீர்களே, மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். அவருக்குத் தெரியாமல் இந்த மலையில் ஒரு சக்கரம் உருளாது.

முதலில் இந்தப் பழத்தைப் பிடியுங்கள். இன்னும் ஒரு வளைவுகூட வரவில்லை, அதற்குள் உங்கள் முகம் வெளுத்துவிட்டது. நகத்தால் லேசாகக் கீறி மோந்துகொண்டே வாருங்கள், குமட்டல் நிற்கும். எலுமிச்சம்பழம் இல்லாமல் நான் ஏற்காடு ஏறுவதில்லை. அது ஏன் என்பதுதான் கதை.

நான் முப்பது வருஷம் லாரி ஓட்டியவன். பேர் சின்னப்பையன். சிரிக்காதீர்கள், எங்கள் தர்மபுரிப் பக்கம் பேர் வைப்பதே அப்படித்தான், எழுபது வயசானாலும் சின்னப்பையன் சின்னப்பையன்தான். சங்ககிரியில் சரக்கு ஏற்றினால் கல்கத்தாவில்தான் இறக்குவது. ஒரு தடவை நாக்பூருக்குப் பக்கத்தில் கியர்பாக்ஸ் போய், ரிவர்ஸ் மட்டும்தான் விழுந்தது. விட்டுவிடுவேனா? வார்தா வரைக்கும் பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு போனேன். வழியில் நிறுத்திய போலீஸ்காரன், நீ வருகிறாயா, போகிறாயா என்று கேட்டான். அவ்வளவு தூரமும் நான் பின்னாடி ஏணியில் தொங்கிக்கொண்டு, "வா, வா, லெஃப்ட்ல ஒடி" என்று தொண்டை கிழியக் கத்தி... நான் என்றா சொன்னேன்? கிளீனர். கிளீனர் தொங்கினான். நான் ஓட்டினேன்.

தொப்பூர்க் கணவாய் தெரியுமல்லவா? பாரத்தோடு ஏறும்போது ஒரு சிறுத்தை பானட் மேல் ஏறிப் படுத்துக் குளிர் காய்ந்துகொண்டே வந்து, மேடு முடிந்ததும் இறங்கிப் போனது. அதைக்கூட நீங்கள் நம்ப வேண்டாம். ஆனால் இதை நம்புங்கள். அந்த மேட்டில் பாரவண்டி நின்று பின்னாடி சரிய ஆரம்பித்தால், கட்டையைத் தூக்கிக்கொண்டு குதிக்க வேண்டும். கண் மூடித் திறப்பதற்குள் சக்கரத்துக்கு அடியில் கட்டை விழ வேண்டும். விழுந்ததும் பாடியில் ரெண்டு தட்டு தட்டி, "போட்டாச்சுண்ணே" என்று ஒரு குரல். அந்தக் குரல் கேட்ட பிறகுதான் டிரைவருக்கு உயிர் வரும். அதாவது, எனக்கு வரும்.

சரி, வண்டி வாங்கின கதைக்கு வருகிறேன்.

எனக்கு ஒரே மகள், கோகிலவாணி. டீச்சர். சின்னதில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. நடப்பாள், ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நடப்பாள். இந்த வருஷம் அவளைத் தலைமையாசிரியை ஆக்கினார்கள். ஆக்கினவர்கள் பக்கத்திலேயே ஆக்கியிருக்கக் கூடாதா? வாழப்பாடி தாண்டி ஒரு ஊர். ரெண்டு பஸ் மாற வேண்டும். பஸ் என்றால் அவளுக்கு ஆகாது தம்பி. போன வருஷம் படியில் ஒரு கால் வைத்திருக்கும்போதே விசில் ஊதிவிட்டான். கம்பியைப் பிடித்த கையை விடாமல் தார் ரோட்டில் இழுபட்டுக்கொண்டே போனாள். அன்றிலிருந்து பஸ் சத்தம் கேட்டாலே அவள் கை பக்கத்தில் நிற்பவர் தோளைத் தேடும். திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் பதவி அடுத்த ஆளுக்கு. எழுதிக் கொடுத்துவிடலாமா, எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா என்று ஒரு வாரமாக வீட்டில் அதே பேச்சு.

கார் ஒன்றுதான் வழி. அதிலும் கிளட்ச் இல்லாத கார், இடது காலுக்கு வேலையே வைக்காத கார். புதுசுக்கு வசதி இல்லை. அவள் கேட்டதோ சின்ன வண்டி, சந்துக்குள் திரும்புகிற வண்டி, ஆனால் உசத்தி ரகம்; பட்டனைத் தட்டினால் கிளம்ப வேண்டும், பின்னால் வருவதைக் கேமராவில் காட்ட வேண்டும். அப்படி ஒன்று பழசில் அகப்படுவது குதிரைக் கொம்பு. சேலத்தில் இருக்கிற புரோக்கர் எல்லாரையும் பார்த்தாகிவிட்டது. ஒன்று வெள்ளத்தில் மூழ்கி எழுந்தது. ஒன்று முன்பாதி ஒரு வண்டி, பின்பாதி ஒரு வண்டி. கடைசியில் ஏற்காட்டில் ஒரு வண்டி இருக்கிறது, வீட்டு வண்டி, ஒரே கை ஓட்டினது என்று தகவல் வந்தது. அன்றைக்கு சனிக்கிழமை.

மருமகன் மாதேஷ் ஜவ்வரிசி மில்லில் சூப்பர்வைசர். தங்கமான பையன். அவனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பது மட்டுமில்லை, வண்டியில் உட்காரவே தெரியாது, உட்கார்ந்தால் வாந்தி. என் லாரிக் கதையெல்லாம் மில்லில் போய் ஒன்றுக்கு ரெண்டாகச் சொல்லுவான். "மெக்கானிக் எதுக்குங்க? மாமா ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தா வண்டியோட ஜாதகமே சொல்லிடுவாரு" என்றான். நான் மறுக்கவில்லை. எப்படி மறுப்பது? அந்த வீட்டில் எனக்கென்று ஒரு நாற்காலி இருக்கிறது தம்பி. சம்பந்தி வீட்டார் வந்தால்கூட அதில் உட்கார மாட்டார்கள். "அது டிரைவர் மாமா சேர்" என்பார்கள்.

கோகிலாவும் எங்கேயோ பழகி லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தாள். அது ஏதோ ஆசைக்கு. "மலை ரோட்ல நான் இருக்கறப்ப நீ எதுக்குக் கண்ணு?" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். "சரிப்பா" என்றாள். அவள் எப்போதும் அப்படித்தான், என் பேச்சுக்கு எதிர்ப்பேச்சே கிடையாது. சின்னப் பிள்ளையில் ஒருதரம் அவளை லாரியில் ஈரோடு வரைக்கும் கூட்டிப் போனேன். இடதுபக்க ஜன்னலோரம், என் மடியிலேயே உட்கார்ந்துகொண்டு வேடிக்கை பார்த்து வந்தாள். டிரைவர் சீட்டில் இன்ஜின் சூடு, குழந்தைக்கு ஆகாது என்று நான்தான் இந்தப் பக்கம்... சரி, அது பழைய கதை.

வாடகைக் கார் பிடித்து மூன்று பேரும் கிளம்பினோம். அடிவாரத்தில் நிறுத்தச் சொல்லி நாலு எலுமிச்சம்பழம் வாங்கினேன். புது வண்டி எடுத்தால் நாலு சக்கரத்துக்கும் வைத்து நசுக்க வேண்டாமா? "விலையே பேசல, அதுக்குள்ள பழமா?" என்றாள் கோகிலா. "நான் வந்தா முடிஞ்ச மாதிரிதான்" என்றேன். பிஞ்சும் இல்லாமல் பழமும் இல்லாமல், கல் மாதிரி கெட்டி.

வண்டிக்கு உடையவர் ஒரு அம்மா. பாவாயம்மா. என் வயசுதான் இருக்கும், வெற்றிலை போட்ட வாய், கண்ணில் கண்ணாடி, ஆனால் அந்தக் கண்ணாடிக்குள்ளிருந்து பார்க்கிற பார்வை இருக்கிறதே, எடைபோடுகிற பார்வை. மூட்டு வலி, இனிமேல் ஓட்டக் கூடாது என்று மகன் சொல்லிவிட்டானாம், அதனால் விற்கிறாராம்.

"முன்னாடி எந்த ஊருங்க?" என்று சும்மா கேட்டு வைத்தேன்.

"சங்ககிரி. வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் லாரி ஆபீஸை நான்தான் பார்த்துட்டிருந்தேன்."

சங்ககிரி என்றதும் நான் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன். நம்ம பக்கத்து ஆள் என்கிற சந்தோஷம்தான். சந்தோஷத்திலும் கால் பின்னால் போகும்.

மாதேஷ் விடுவானா? "எங்க மாமாவும் சங்ககிரியில முப்பது வருஷம் டிரைவருங்க" என்று அவிழ்த்துவிட்டான்.

"அப்படியா? வண்டியைப் பாருங்க டிரைவரே" என்றார் பாவாயம்மா.

மாதுளைமுத்து நிறம் தம்பி. தூசி இல்லை, கீறல் இல்லை. கோகிலா வண்டியைத் தொடவில்லை, பக்கத்தில் போய் நின்றுகொண்டு மூச்சை மட்டும் மெதுவாக விட்டாள். நான் ஒரு குச்சியை எடுத்து நாலு டயரையும் தட்டிச் சத்தம் கேட்டேன். குனிந்து அடியில் ஒழுக்கு இருக்கிறதா என்று பார்த்தேன். துண்டை எடுத்து முன் கண்ணாடியைத் துடைத்தேன். துடைக்காமல் வண்டியைப் பார்த்து எனக்குப் பழக்கமில்லை. பாவாயம்மா வெற்றிலையை மென்றுகொண்டே என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பானட்டைத் திறந்து பார்க்கலீங்களா?"

"சத்தத்துலயே தெரியுமுங்க."

"இன்னும் ஸ்டார்ட்டே பண்ணலையே."

நான் இருமினேன்.

"எந்த ஆபீஸ்ல ஓட்டுனீங்க?" சொன்னேன். "எந்த லைன்?" கல்கத்தா என்றேன். "உங்க கிளீனர் பேரு?"

அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை தம்பி. முப்பது வருஷத்தில் எத்தனையோ பேர், ஒரு பேராவது வாயில் வர வேண்டுமே. ஒரே ஒரு பேர்தான் வந்தது.

"சின்னப்பையன்" என்றேன்.

"உங்க பேரு என்னன்னு சொன்னீங்க?"

"என் பேரும் சின்னப்பையன்தானுங்க. எங்க பக்கம் எல்லாரும் சின்னப்பையன்தான்."

மாதேஷ் தலையாட்டினான். கோகிலா காரின் கதவில் ஏதோ தூசி இருப்பதுபோல விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். பாவாயம்மாவின் போன் அடித்தது. "ஆமா, வண்டி இருக்குது. இல்ல, இன்னும் முடியல. ஒரு மணி நேரம் கழிச்சுக் கூப்பிடு" என்று வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். "புரோக்கர். கேட்ட விலைக்கு மேலயே தர்றேங்கிறான். ஆனா எனக்கு விலை முக்கியமில்ல. ஓட்டத் தெரிஞ்ச கைக்குப் போகணும். ரோட்டுல ரெண்டு வளைவு இறக்கி, மேல கொண்டு வாங்க. நான் பக்கத்துல உட்காருவேன். பிடிச்சிருந்தா சாவி உங்களுக்கு."

கோகிலா வாயைத் திறந்தாள். "நான் வேணா..."

"நீ பின்னாடி உட்காரு கண்ணு" என்றேன்.

இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன் தம்பி. அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்கலாம். ஆனால் மாதேஷ் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். சாமி புறப்பாட்டுக்குக் காத்திருக்கிறவன் மாதிரி முகம்.

ஏறி உட்கார்ந்தேன். பாவாயம்மா என் இடதுபுறம், மற்ற ரெண்டு பேரும் பின்னால். ஒரு பழத்தை எடுத்து ஸ்டியரிங்குக்கு முன்னால் கண்ணாடியோரம் வைத்தேன், சகுனத்துக்கு. பட்டனைத் தட்டினேன். விளக்கு எரிந்தது, வண்டி கிளம்பவில்லை. மறுபடி தட்டினேன். பின்னாலிருந்து கோகிலா என் காதோடு, "வலது காலால பிரேக்கை மிதிச்சுக்கிட்டு அமுத்துங்கப்பா" என்றாள்.

"தெரியும்" என்றேன்.

கிளம்பியது. ட்டிங், ட்டிங் என்று ஒரு சத்தம் வேறு விடாமல் வந்துகொண்டிருந்தது. வண்டி என்னை வரவேற்கிறது என்று நினைத்தேன். பெல்ட் போடச் சொல்லுகிற சத்தமாம் அது, பிறகுதான் சொன்னார்கள். லிவரை அவள் சொன்ன எழுத்துக்கு இழுத்தேன். வண்டி என்னைக் கேட்காமலே நகர ஆரம்பித்தது.

டிரைவர்கள் கிளம்பும்போது இடது காலால் ஒன்றை ஆழமாக மிதிப்பதை முப்பது வருஷம் பார்த்திருக்கிறேன். பார்த்திருக்கிறேன் என்றால், என் காலையே நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் இடது காலை ஓங்கி மிதித்தேன். கிளட்ச் இருக்க வேண்டிய இடத்தில் பிரேக் அகலமாக நீட்டிக்கொண்டிருந்தது. வண்டி குத்திக்கொண்டு நின்றது. பாவாயம்மாவின் கண்ணாடி மூக்கிலிருந்து இறங்கியது. மாதேஷின் நெற்றி என் சீட்டில் மோதியது. அப்போதுதான் அந்தப் பழம் கண்ணாடியோரத்திலிருந்து துள்ளி, என் முழங்காலில் பட்டு, கீழே விழுந்தது. எங்கே போனது என்று பார்க்க நேரமில்லை.

"பிரேக் பரீட்சைங்க" என்றேன். "நல்லா இருக்குது."

"ம்" என்றார் பாவாயம்மா. கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டார். ஒரு கையால் கதவுக்கு மேலிருந்த பிடியைப் பற்றிக்கொண்டார்.

மலை ரோட்டுக்கு வந்தோம். நேர்ரோட்டில் அருமையாகத்தான் போனது. இடதுபக்கம் கைப்பிடிச் சுவர், அதற்கு அப்பால் வெறும் காற்று. சுவருக்கு அந்தப் பக்கம் மரங்களின் உச்சிதான் தெரிந்தது, அடி தெரியவில்லை. முதல் வளைவை எப்படித் திரும்பினேன் என்று கேட்காதீர்கள், திரும்பினேன். ரெண்டாவது வளைவு அதைவிடச் சரிவு. வண்டி வேகம் பிடித்தது. பிரேக்கை மிதித்தேன். வண்டி உறுமியது.

கவனியுங்கள் தம்பி. பிரேக்கை மிதித்தால் வண்டி உறுமுமா? உறுமாது. அந்தப் பாழாய்ப்போன பழம் பிரேக்குக்கு அடியில் போய்ச் சிக்கிக்கொண்டது. அதுதான் காரணம். இன்னும் அழுத்தினேன், இன்னும் உறுமியது. எவ்வளவுக்கு எவ்வளவு பிரேக் போடுகிறேனோ அவ்வளவுக்கு அவ்வளவு வேகம்.

எதிரே வளைவில் ஒரு பஸ் ஏறிக்கொண்டிருந்தது, இதே மாதிரி நிறைமாத பஸ். ஹாரன் அடித்தான். நானும் பதிலுக்கு ஏதோ ஒன்றை அமுக்கினேன், வைப்பர் ஆடியது. வெயிலில் காய்ந்த கண்ணாடியில் வைப்பர் கரகரவென்று ஆட, அதற்கு நடுவில் பஸ் பெரிதாகிக்கொண்டே வந்தது. பாவாயம்மா மெல்லுவதை நிறுத்திவிட்டார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. மாதேஷ், "மாமா இருக்காரு, மாமா இருக்காரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

அப்போது கோகிலாவின் குரல் வந்தது. கத்தவில்லை. கரும்பலகைக்கு முன்னால் நிற்கிற குரல்.

"அப்பா. வலது காலைத் தூக்குங்க."

"தூக்குனா பிரேக் விட்டுடும் கண்ணு."

"அது பிரேக் இல்லப்பா."

பழம் இருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பாள். எனக்கு அந்த நேரத்தில் காது சரியாகக் கேட்கவில்லை. ஆனால் காலைத் தூக்கிவிட்டேன், மகள் பேச்சைத் தட்டி என்ன ஆகப்போகிறது என்று. உறுமல் நின்றது. பாவாயம்மா கை நீட்டி ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தார். பஸ் எங்கள் பக்கவாட்டுக் கண்ணாடியை உரசாத குறையாகப் போனது. அதற்குள்ளிருந்து ஒரு குழந்தை எனக்கு டாட்டா காட்டியது. கோகிலா நடுவில் பாய்ந்து ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே இழுத்தாள்.

வண்டி நின்றது. நின்றது என்றா சொன்னேன்? நிற்கப் பார்த்தது. கியரிலேயே இருந்ததால், அந்தச் சரிவில் விரல்விரலாக முன்னால் நகர்ந்துகொண்டிருந்தது. எதிரே கைப்பிடிச் சுவர் உடைந்து, ஒரு வண்டி நுழைகிற அளவுக்கு வாய் பிளந்திருந்தது. கோகிலா ரெண்டு கையாலும் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்துத் தொங்குகிறாள். அவளுக்கு ஊன்றிக்கொள்ள ஒரு கால்தான்.

நான் கதவைத் திறந்தது எனக்கு ஞாபகமில்லை. குதித்தது ஞாபகமில்லை. உடைந்த சுவரிலிருந்து ஒரு கல் என் கையில் இருந்தது. சக்கரத்துக்கு முன்னால் அது விழுந்தது. ஒரு குதிகால் உதை. சக்கரம் கல்லின்மேல் ஏறப் பார்த்து, முனகி, நின்றது.

பாடியில் ரெண்டு தட்டு தட்டினேன்.

"கட்டை போட்டாச்சுண்ணே" என்றேன்.

டிரைவர் சீட்டைப் பார்த்துத்தான் சொன்னேன். அதில் யாரும் இல்லை.

வைப்பர் இன்னும் கரகரவென்று ஆடிக்கொண்டிருந்தது. பாவாயம்மா லிவரை முன்னால் தள்ளி வண்டியை அணைத்தார். கோகிலா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது, பயந்துவிட்டாள் பாவம். மாதேஷ் மட்டும் எதையும் பார்க்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு போய்ச் சுவரோரம் காலையில் சாப்பிட்டதையெல்லாம் பள்ளத்தாக்குக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

பாவாயம்மா இறங்கி, கல்லைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பழமுங்க" என்றேன். "பிரேக்குக்கு அடியில பழம் சிக்கிடுச்சு. இல்லேன்னா..."

கோகிலா குனிந்து பழத்தை எடுத்தாள். பின்சீட்டில், மாதேஷ் கால் வைத்திருந்த இடத்திலிருந்து எடுத்தாள். பிரேக்குக்கு அடியில் இருந்த பழம் அங்கே எப்படிப் போனது என்று கேட்பீர்கள். உருண்டு போனது. பழம் என்றால் உருளாதா? ஒரு நசுங்கல் இல்லை, கீறல் இல்லை. அவ்வளவு கெட்டியான பழம் என்று சொன்னேனே.

பாவாயம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முடிந்தது என்று நினைத்தேன். வண்டியும் போச்சு, பதவியும் போச்சு, திங்கட்கிழமையும் போச்சு. நாற்காலியும் போச்சு. மாதேஷ் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றான். "என்னாச்சுங்க? பிரேக் பெயிலா?"

பாவாயம்மா அவனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு பழத்தை என் சட்டைப்பைக்குள் போட்டார்.

"மாப்பிள்ளை, உங்க மாமா குதிச்சுக் கல்லைப் போடலேன்னா இந்நேரம் நாலு பேரும் கீழ மரத்துல தொங்கிட்டிருப்போம்" என்றார். அப்புறம் கோகிலாவிடம் திரும்பி, "நீ ஓட்டு கண்ணு. மேல வீடு வரைக்கும்" என்றார்.

"அவளுக்குக் கால்..." என்றேன்.

"இந்த வண்டிக்கு ஒரு கால் போதும். ரெண்டு கால் வெச்சாத்தான் தொந்தரவு."

எதற்காக அப்படிச் சொன்னார் என்று தெரியவில்லை, அந்தம்மாவுக்குக் கொஞ்சம் குத்தல் பேச்சு. கோகிலா சுற்றி வந்து உட்கார்ந்தாள். சீட்டை முன்னால் இழுத்தாள். பெல்ட்டைப் போட்டாள், ட்டிங் சத்தம் நின்றது. கண்ணாடிகளைத் திருத்தினாள். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து, "அப்பா, கட்டையை எடுங்க" என்றாள்.

கல்லுக்குக் கட்டை என்று சொல்வது லாரிக்காரன் பேச்சு தம்பி. சக்கரத்துக்கு எதை வைத்தாலும் அவனுக்கு அது கட்டைதான். டீச்சருக்கு அந்தப் பேச்சு எப்படித் தெரியும்? இன்றுவரைக்கும் எனக்கு விளங்கவில்லை.

எடுத்தேன். அந்தக் குறுகல் ரோட்டில் வண்டியைத் திருப்ப வேண்டும். பின்னால் நின்று குரல் கொடுத்தேன். "வா, வா, இன்னும் வா, ரைட்ல ஒடி, போதும், ஹோல்டு." உள்ளே கேமரா எல்லாம் காட்டுமாம். அவள் கேமராவைப் பார்க்கவே இல்லை. என் குரலுக்குத்தான் ஓட்டினாள். சுவருக்கு ஒரு சாண் இருக்கும்போது கையைக் காட்டினேன், நின்றாள். அப்புறம் பாடியில் தட்டி "ரைட்" என்றேன். போனாள். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி போனாள். பாவாயம்மா மறுபடி வெற்றிலையை மெல்ல ஆரம்பித்தார்.

வீட்டு வாசலில் போன் அடித்தது. "வித்தாச்சுப்பா" என்று சொல்லி வைத்துவிட்டார். அவ்வளவுதான்.

கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சின்னப்பையா, எத்தனையோ பேரை வேலைக்கு வெச்சிருக்கேன். இவ்வளவு சுருக்கா கட்டை போட்ட ஆளைப் பார்த்ததில்ல" என்றார்.

"டிரைவர்னா எல்லா வேலையும் தெரிஞ்சிருக்கணுமுங்க" என்றேன்.

"ஆமாமா" என்றார்.

ஒருமையில் பேசியது எனக்குப் பிடிக்கவில்லை. முப்பது வருஷ டிரைவரை வாடா போடா என்கிற மாதிரி. ஆனால் ஊருக்கு இறங்குகிற வரைக்கும் அந்தப் பேச்சைத்தான் மறுபடி மறுபடி நினைத்துக்கொண்டு வந்தேன், ஏன் என்று தெரியவில்லை. கோகிலா ஓட்டினாள். நான் அவளுக்கு இடதுபக்கம், ஜன்னலோரம். "லெஃப்ட் கிளியர்... சைக்கிள் வருது, கொஞ்சம் பொறு... போலாம்." அவளும் ஒவ்வொன்றுக்கும் "ம்" கொட்டிக்கொண்டே வந்தாள். முனியப்பன் வாசலில் நாலு பழத்தையும் சக்கரத்துக்கு வைத்தேன். மூன்று நசுங்கின. அந்த நாலாவது பழம் மட்டும் சக்கரத்துக்கு அடியிலிருந்து தெறித்து ஓடிப்போய்ச் சாமி காலடியில் நின்றது. சத்தியம்.

திங்கட்கிழமை அவள் தனியாகக் கிளம்பினாள். புதுச் சேலை. வாசலில் நான் பின்னால் நின்று பார்த்து, பாடியில் ரெண்டு தட்டு தட்டினேன். தட்டாமல் அவள் வண்டியை எடுப்பதில்லை. இன்றைக்கும் அப்படித்தான். நான் குளித்துக்கொண்டிருந்தால்கூடக் காத்திருப்பாள்.

ஆனால் கெட்டது என்னவென்றால், மாதேஷ் சும்மா இருக்கவில்லை. பிரேக் பிடிக்காத வண்டியை மாமா நடுமலையில் காலாலேயே நிறுத்தினார் என்று மில் முழுக்கச் சொல்லிவிட்டான். இப்போது மில் முதலாளி தன் சம்சாரத்துக்கு இதே மாதிரி ஒரு வண்டி பார்த்திருக்கிறார், இதே ஏற்காட்டில். மாதேஷோட மாமா ஓட்டிப் பார்த்துச் சொன்னால்தான் வாங்குவேன் என்கிறார். மேலே பஸ் ஸ்டாண்டில் எனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார். மாட்டேன் என்றால் மாதேஷுக்கு மில்லில் முகம் இருக்காது. கோகிலாவுக்குத் தெரிந்தால் விட மாட்டாள், கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். காலையிலிருந்து ஒரு வாய் இறங்கவில்லை தம்பி. அந்தப் பழத்தைக் கொஞ்சம் கொடுங்கள், நானும் மோந்துகொள்கிறேன்.

உங்களுக்கு வண்டி ஓட்ட வருமா? சும்மாதான் கேட்கிறேன். வருமா? கிளட்ச் இல்லாதது? அதுவும் வருமா? முனியப்பன் இருக்கிறார், பார்த்தீர்களா. எனக்கு இப்போது கண் கொஞ்சம் மங்கல். நீங்கள் ஓட்டுங்கள், நான் இடதுபக்கம் உட்கார்ந்து சொல்லிக்கொண்டு வருகிறேன். அரைமணி நேர வேலை. இவன் என்கிட்டே கிளீனராக இருந்து டிரைவர் ஆன பையன் என்று முதலாளியிடம் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம். பேர் கேட்டால் சின்னப்பையன் என்று சொல்லுங்கள், நம்புவார்கள்.

ஆனால் ஒன்று. என்றைக்காவது எங்கேயாவது என் மகளைப் பார்க்க நேர்ந்தால், இந்தக் கதையை நான் சொன்னேன் என்று சொல்லிவிடாதீர்கள். யார் சொன்னது என்று பிடித்துக்கொண்டால், பஸ்ஸில் ஒரு டிரைவர் சொன்னார் என்று சொல்லுங்கள். அது நான்தான் என்று அவளுக்குத் தோன்றவே தோன்றாது.